மேக்கில் விண்டோஸ் கேம்: சீட் எஞ்சின் மக்கர் பண்ணும்போது எங்கே பார்ப்பது

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் படிக்கப் போகிற பிள்ளைகள் கையில் இப்போது பழைய எம்1 மேக்புக் ஏர் நிறையவே தென்படுகிறது. பெரும்பாலும் 8 ஜிபி மெமரி உள்ளது. வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆடிய கேம்கள் விண்டோஸ் புரோகிராமை மேக்கில் ஓட்டும் கிராஸ்ஓவர் வழியாக இதிலும் ஓடிவிடுகின்றன. ஓடும் கேமின் மெமரியில் தங்கம், உயிர் போன்ற எண்களைத் தேடி மாற்றும் மெமரி எடிட்டரான சீட் எஞ்சினை ஏற்றினால்தான் தகராறு. ஒன்று கேம் கண்ணில் படாது, இல்லையென்றால் தேடியது கிடைக்காது, கிடைத்தாலும் மாற்றியவுடன் எல்லாம் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் தனி. உங்கள் திரையில் தெரிகிற அறிகுறியைக் கீழே தேடி அங்கிருந்து படிக்கலாம். அதற்கு முன் அடுத்த சில பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் தனியாக ஆடும் கேமுக்கு மட்டும். ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடும் கேமில் மெமரி எடிட்டரைத் திறந்தால் அக்கவுண்ட் போய்விடும். எதிரில் ஆடுபவருடைய நேரத்தையும் அது கெடுக்கும். ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ போன்ற காவல் மென்பொருள் உள்ள கேமில் எடிட்டர் மாட்டவில்லை என்றால் அதைக் கோளாறாக எண்ணி வழி தேட வேண்டாம். கேம் விற்கும் கடையான ஸ்டீமை ஆஃப்லைன் மோடுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம். நெட்வொர்க் வந்து வந்து போகிற மூணாறு, பீருமேடு எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஏற்கெனவே கைவந்த பழக்கம்தான்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்பது. கிராஸ்ஓவர், விஸ்கி, சிகாருகிர் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வைன். அது விண்டோஸை முழுசாக ஓட்டும் மெய்நிகர் கம்ப்யூட்டர் கிடையாது. கேமின் எக்ஸ்இ ஃபைலை மேக்கின் ஒரு புராசஸுக்குள்ளேயே (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஏற்றி, அது விண்டோஸிடம் கேட்கும் வேலைகளை மேக்கிடம் கேட்டு வாங்கித் தருகிறது. பாட்டில் என்பது தனக்கென ஒரு சி டிரைவ் வைத்திருக்கும் தனி விண்டோஸ் அறை. ஒரு பாட்டிலுக்குள் ஓடும் விண்டோஸ் புரோகிராம்கள் அனைத்துக்கும் வைன்சர்வர் என்ற ஒரே மேலாள். யார் யார் ஓடுகிறார்கள் என்ற பட்டியல் அதனிடம்தான் இருக்கிறது. ஒரு புரோகிராம் இன்னொன்றின் மெமரியைப் படிக்கவோ எழுதவோ கேட்டால், மேக்கின் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) வழியாக அதைச் செய்து கொடுப்பதும் அதுதான்.

ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் இதற்கும் கீழே ரோசெட்டா 2 இருக்கிறது. கேமின் இன்டெல் வகைக் கட்டளைகளை அது ஏஆர்எம் கட்டளைகளாக மொழிபெயர்த்து ஓட்டுகிறது. கட்டளைகள்தான் மாறுகின்றன, தரவு மாறுவதில்லை. உங்கள் தங்கம் 500 என்று ஒரு 4 பைட் எண்ணாக விண்டோஸில் எப்படி இருக்குமோ அப்படியேதான் மேக்கிலும் இருக்கும். ஆகவே மேக்கில் மதிப்பைத் தேடி மாற்றுவது நன்றாக நடக்கும். கேமின் கட்டளைகளைத் திருத்துவதும், எந்தக் கட்டளை எழுதுகிறது என்று ஒட்டுப் பார்ப்பதும் அடிக்கடி சறுக்கும். கீழே வருவதில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை

சீட் எஞ்சினோடு ஒரு பயிற்சி புரோகிராமும் வருகிறது. 64 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று. அதே பாட்டிலில் அதைத் திறந்து, எடிட்டரை அதன்மேல் மாட்டுங்கள். இரண்டாம் படியில் உயிர் 100 என்று இருக்கும். 4 பைட், எக்ஸாக்ட் வேல்யூ என்று வைத்து 100-ஐத் தேடி, ஹிட் மீ பட்டனை அழுத்தி, புதிய எண்ணை நெக்ஸ்ட் ஸ்கேனில் கொடுத்துச் சுருக்கி, 1000 என்று மாற்றினால் அடுத்த படி திறக்கும்.

இது நடந்துவிட்டால் உங்கள் வைன், பாட்டில், எடிட்டர் மூன்றும் நன்றாக இருக்கின்றன. கோளாறு அந்தக் கேமில் இருக்கிறது, அல்லது தேடும் முறையில் இருக்கிறது. நடக்கவில்லை என்றால் எந்தக் கேமிலும் நடக்கப் போவதில்லை, முதலில் அமைப்பைச் சரிசெய்யுங்கள். நாலாம் படி ஃப்ளோட், டபுள் என்ற தசம எண் வகைகளைப் பற்றியது. ஐந்தாம் படி, எந்தக் கட்டளை எழுதுகிறது என்று பார்க்கும் டீபக்கரைச் சோதிக்கும். நேராக ஐந்தாம் படிக்குப் போக முதல் பக்கத்தில் 888899 என்ற எண்ணைக் கொடுத்தால் போதும். ஆப்பிள் சிப்பில் இரண்டும் மூன்றும் நாலும் தாண்டி ஐந்தில் நிற்பது சகஜம். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

அறிகுறி: சீட் எஞ்சின் திறக்கவே இல்லை, அல்லது திறந்த நொடியில் மூடிக்கொள்கிறது

இன்ஸ்டால் ஆன ஃபோல்டருக்குள் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸ்இ இருக்கும்: 32 பிட்டுக்கு ஐ386 என்று முடிவது, 64 பிட்டுக்கு எக்ஸ்86-64 என்று முடிவது, அதோடு எஸ்எஸ்இ4, ஏவிஎக்ஸ்2 என்று வால் நீண்ட இன்னொன்று. சீட் எஞ்சின் என்ற பெயரில் மட்டும் இருப்பது வெறும் துவக்கி. சிப்பைப் பார்த்து இவற்றில் ஒன்றை அது தானே தேர்ந்தெடுக்கும்.

ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை ரோசெட்டா ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது 2024-இல் வந்த மேக்ஓஎஸ் 15 செக்கோயாவிலிருந்துதான். அதற்கு முந்தைய மேக்ஓஎஸ்ஸில் அந்த எக்ஸ்இ ஓடாது. துவக்கியை விட்டுவிட்டு, வெறும் எக்ஸ்86-64 என்று முடிவதைக் கிராஸ்ஓவரின் ரன் கமாண்ட் வழியாக நேரடியாகத் திறங்கள். செக்கோயாவிலும் இதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஸ்கேன் வேகத்தில் கிடைக்கும் ஆதாயம் சிறியது, வரக்கூடிய தலைவலி பெரியது.

எக்ஸ்இ டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தால் வேறொரு காரணமும் உண்டு. அந்த ஃபோல்டரைத் தொட கிராஸ்ஓவருக்கு அனுமதி வேண்டுமா என்று மேக் கேட்டிருக்கும், அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருப்பீர்கள். எடிட்டரின் ஃபோல்டரை அப்படியே பாட்டிலின் சி டிரைவுக்குள் நகர்த்திவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இன்ஸ்டால் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. சீட் எஞ்சினின் இன்ஸ்டாலர் வழியில் வேறு புரோகிராம்களையும் ஏற்றட்டுமா என்று கேட்கும். ஒவ்வொரு திரையையும் நிதானமாகப் படித்து வேண்டாம் என்று சொல்லுங்கள். மேக்தானே, விண்டோஸ் வைரஸ் என்ன செய்யும் என்று நினைப்பது தவறு. வைன் பாட்டிலில் இசட் டிரைவ் என்பது உங்கள் மேக்கின் முழு டிஸ்க். உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒரு விண்டோஸ் எக்ஸ்இ அந்த வழியாக எட்டிப் பார்க்க முடியும். டிரெயினர் (ஒரு கேமுக்கென்றே செய்த சீட் புரோகிராம்) என்று கண்ட இடத்தில் கிடைப்பதை ஓட்டப் போகிறீர்கள் என்றால் வைன் அமைப்பில் டிரைவ்ஸ் பகுதிக்குப் போய் இசட் டிரைவை எடுத்துவிடுங்கள். கேம் சி டிரைவுக்குள் இருந்தால் அது இல்லாமலும் ஓடும்.

அறிகுறி: எடிட்டர் திறக்கிறது, புராசஸ் பட்டியலில் கேம் இல்லை

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: கேம் ஒரு பாட்டிலில், எடிட்டர் இன்னொரு பாட்டிலில். கோவிந்தாபுரத்திலிருந்து புறப்படும் கேரள பஸ்ஸின் நேரத்தைப் பொள்ளாச்சி டிப்போவின் பலகையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொரு பாட்டிலுக்கும் வைன்சர்வர் வேறு, பட்டியலும் வேறு.

கிராஸ்ஓவரில் கேம் இருக்கும் பாட்டிலை இடப்பக்கம் தேர்ந்தெடுங்கள். ரன் கமாண்ட் என்பதைத் திறந்து, எடிட்டரின் எக்ஸ்இயைக் காட்டி ஓட்டுங்கள். ஒரு முறை ஓடிவிட்டால் அதை அதே பாட்டிலில் ஒரு துவக்கியாகச் சேமிக்கலாம். விஸ்கியில் பாட்டிலின் பக்கத்திலேயே ரன் என்ற பட்டன் உண்டு. ஃபைண்டரில் எக்ஸ்இ மேல் இரட்டை கிளிக் செய்தால் அது எந்தப் பாட்டிலுக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்த வழி வேண்டாம்.

பாட்டில் சரியாக இருந்தும் தெரியவில்லையா? எடிட்டரை டெர்மினலிலிருந்து ஓட்டுபவர்களுக்கு இரண்டு தடைகள் வரும். ஒன்று, கேம் ஓடும் வைனும் நீங்கள் அழைத்த வைனும் வேறு வேறு பதிப்பு. வெர்ஷன் மிஸ்மேட்ச் என்ற செய்தியோடு அது நின்றுவிடும். இன்னொன்று, கேம் வைனின் வேகத்தைக் கூட்டும் ஈசிங்க் அல்லது எம்சிங்க் அமைப்பைப் போட்டு ஓடுகிறது, எடிட்டர் அது இல்லாமல் வந்து நிற்கிறது. சர்வர் இந்த அமைப்போடு ஓடுகிறது, இந்தப் புராசஸ் அப்படி இல்லை என்று டெர்மினலில் ஒரு வரி வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கேமைத் திறந்த அதே இடத்திலிருந்து எடிட்டரையும் திறப்பது. முன்பு அரைகுறையாக மூடிய வைன்சர்வர் பின்னால் நின்றுகொண்டிருந்தால் கிராஸ்ஓவரில் சிமுலேட் ரீபூட், விஸ்கியில் கில் ஆல் பாட்டில்ஸ். அதன்பின் முதலில் கேம், பிறகு எடிட்டர்.

அறிகுறி: கேமைப் பிடித்தாயிற்று, ஆனால் எதைத் தேடினாலும் பூஜ்யம்

பிடித்தது கேம்தானா என்று பாருங்கள். பட்டியலில் எக்ஸ்புளோரர், சர்வீசஸ், வைன்டிவைஸ், பிளக்பிளே என்றெல்லாம் இருக்கும். அவை வைனின் சொந்த ஆட்கள். ஸ்டீமும் ஸ்டீம்வெப்ஹெல்ப்பரும் கடைக்காரர்கள். ஏமாற்றுவது கேமின் பெயரையே வைத்திருக்கும் பொய்ப் புராசஸ்கள்தான்.

அன்ரியல் எஞ்சினில் செய்த கேம் என்றால் கேம் பெயரில் உள்ள சின்ன எக்ஸ்இ வெறும் வாசல். உண்மையான கேம், அதே பெயரோடு வின்64-ஷிப்பிங் என்ற வாலுடன் ஓடும். யூனிட்டியில் யூனிட்டி கிராஷ் ஹேண்ட்லர் 64 என்று ஒன்று கூடவே நிற்கும், அதை விட்டுவிடுங்கள். ஆர்பிஜி மேக்கர் எம்வி, எம்இசட் கேம்கள் உள்ளே ஒரு பிரவுசரை வைத்துக்கொண்டு ஓடுபவை. ஒரே பெயரில் நாலைந்து புராசஸ் தெரியும், கதையும் பணமும் அவற்றில் ஒன்றில்தான் இருக்கும். மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து மெமரி பகுதியில் எது அதிகம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் ஆள். இல்லையென்றால் ஒவ்வொன்றாக மாட்டி, ஒரே மதிப்பைத் தேடிப் பார்த்துவிடலாம்.

சரியான புராசஸ்தான், ஆனாலும் பூஜ்யம் என்றால் எடிட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து எக்ஸ்ட்ரா பகுதியைப் பாருங்கள். கெர்னல் வழியாக மெமரியைப் படிப்பது என்ற வகைத் தேர்வுகள் அங்கே இருக்கும். விண்டோஸ் காணொளிகளைப் பார்த்து அவற்றை டிக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். அவற்றுக்கு சீட் எஞ்சின் தன் டிரைவரை விண்டோஸ் கெர்னலில் ஏற்ற வேண்டும். வைனில் விண்டோஸ் கெர்னலே கிடையாது. டிரைவர் ஏறவில்லை என்ற பிழைச்செய்திக்கும் இதுவே விடை. டிபிவிஎம் என்ற அம்சத்தையும் இங்கே மறந்துவிடலாம்.

அறிகுறி: தேடல் ஓடுகிறது, ஆனால் திரையில் தெரியும் எண் கிடைக்கவில்லை

இதில் மேக்கின் பங்கு கொஞ்சம்தான். கேம் அந்த எண்ணை எப்படி வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இங்கே பொறுமை உள்ளவருக்குத்தான் பலன்.

ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி, விஎக்ஸ், விஎக்ஸ் ஏஸ் மூன்றும் ரூபி மொழியில் ஓடுகின்றன. ரூபி ஒரு முழு எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டி வைக்கும். கையில் 500 தங்கம் இருந்தால் மெமரியில் இருப்பது 1001. அதைத்தான் தேட வேண்டும். 9999 ஆக்க நினைத்தால் 19999 என்று எழுத வேண்டும். இரட்டைப்படை எண்ணை எழுதிவிட்டால் ரூபி அதை எண்ணாகப் பார்க்காது, வேறொரு பொருளின் முகவரியாகப் பார்க்கும், கேம் விழுந்துவிடும். எம்வி, எம்இசட் கேம்களில் முதலில் நேர் எண்ணை 4 பைட்டில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இரட்டித்துத் தேடுங்கள், அங்கே ஒன்று கூட்டக் கூடாது.

கேம்மேக்கரில் செய்தவை எண்களைப் பெரும்பாலும் டபுளாக வைக்கும். 4 பைட்டில் மணிக்கணக்காகத் தேடினாலும் வராது. யூனிட்டி, அன்ரியலில் பணம், தோட்டா போன்றவை 4 பைட், உயிர், களைப்பு, வேகம் போன்றவை ஃப்ளோட் என்று தொடங்குங்கள். ஃப்ளோட்டில் திரையில் 87 என்று தெரிவது உள்ளே 86.6 ஆக இருக்கலாம். எக்ஸாக்ட் வேல்யூவுக்குப் பதிலாக வேல்யூ பிட்வீன் எடுத்து 86-க்கும் 88-க்கும் நடுவில் என்று கொடுங்கள். உயிர் வெறும் பட்டையாகத் தெரிந்தால் அது 0-க்கும் 1-க்கும் நடுவிலான பின்னமாகவும் இருக்கக்கூடும். அப்போது அன்னோன் இனிஷியல் வேல்யூவில் தொடங்கி, அடி வாங்கியதும் டிகிரீஸ்ட், சும்மா நின்றதும் அன்சேஞ்ச்ட், மருந்து குடித்ததும் இன்கிரீஸ்ட் என்று மாற்றி மாற்றிச் சுருக்குங்கள். சும்மா நிற்கும்போது பல தடவை அன்சேஞ்ச்ட் போடுவது அதிகம் வடிகட்டும். அசையும் பொருள்களின் எண்கள் அங்கேதான் கழிந்துபோகும்.

திரையில் 12.50 என்று காட்டும் பணம் உள்ளே 1250 ஆக இருக்கலாம். நிமிடத்தில் காட்டும் கடிகாரம் விநாடியில் இருக்கலாம். சில யூனிட்டி கேம்களில் பணத்தை மறைகுறியாக்கி வைத்து, பக்கத்தில் ஒரு பொய் எண்ணையும் காவலுக்கு வைப்பார்கள். எப்படித் தேடினாலும் வரவில்லை, அல்லது கிடைத்ததை மாற்றிய உடனே கேம் கண்டுபிடித்துவிடுகிறது என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் சேவ் ஃபைலைத் திருத்தும் வழிக்குப் போவது மேல்.

மெம்மேப்ட் என்ற பெட்டியை ஸ்கேன் செட்டிங்ஸில் டிக் செய்யச் சொல்லி அறிவுரை வரும். பழைய கன்சோல் எமுலேட்டர்களை வைனுக்குள் ஓட்டுபவருக்கு அது வேண்டும், சாதாரண கேமுக்கு வேண்டாம். தேடும் இடம் பெருகி நேரம்தான் போகும்.

அறிகுறி: முதல் ஸ்கேன் முடியவே இல்லை, மேக் முழுக்க மந்தம்

அன்னோன் இனிஷியல் வேல்யூ என்றால் எழுதத்தக்க மெமரி முழுவதையும் எடிட்டர் நகலெடுத்து வைக்கிறது. 8 ஜிபி மேக்கில் கேம் பாதிக்கு மேல் பிடித்திருந்தால் மீதி டிஸ்க்குக்கு வழிந்து ஓடும். டிஸ்க்கில் குறைந்தது 10 ஜிபியாவது காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கேமின் கிராஃபிக்ஸ் டெக்ஸ்சர் தரத்தைக் குறைப்பதும், கனமான கட்டத்தை விட்டுச் சின்ன அறை ஒன்றில் நின்று ஸ்கேன் போடுவதும் கை கொடுக்கும். ஃபாஸ்ட் ஸ்கேன் டிக் இருக்கட்டும், 4 பைட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் அதன் எண் 4. ரைட்டபிள் என்ற பெட்டி டிக்காக இருக்க வேண்டும், சாம்பல் நிறத்தில் பாதியாக நின்றால் படிக்க மட்டும் உள்ள இடங்களையும் சேர்த்துத் தேடும்.

ஸ்கேனின்போது கேமை நிறுத்திவைக்கும் தேர்வு ஒன்று உண்டு. மேக்கில் அதை வைத்தால் சிலநேரம் ஒலி வெட்டும், திரும்பி வரும்போது கேம் உறைந்து நிற்கும். அதற்குப் பதிலாகக் கேமின் சொந்த பாஸ் மெனுவைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: மதிப்பு மாறுகிறது, உடனே பழையபடி ஆகிவிடுகிறது

நீங்கள் பிடித்தது திரையில் எழுதிக் காட்டும் நகல், அசல் அல்ல. பட்டியலில் மிஞ்சிய மற்ற முகவரிகளில் அசல் இருக்கும். இருபது மிஞ்சினால் முதல் பத்தை மொத்தமாகத் தேர்ந்து ஒரு வித்தியாசமான எண்ணை எழுதுங்கள். கேமில் செலவு செய்து பாருங்கள். கணக்கு மாறினால் அசல் அந்தப் பத்தில், இல்லையென்றால் அடுத்ததில். இப்படிப் பாதிப் பாதியாகப் பிரித்தால் நாலைந்து முறையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். எழுதும் முன் சேவ் செய்துகொள்ளுங்கள், தவறான பத்தில் ஏதாவது ஒன்று கேமைக் கவிழ்க்கலாம்.

எழுதினால் மட்டும் கேம் விழுகிறது என்றால் தரவு வகையைப் பாருங்கள். 4 பைட் மதிப்பை 8 பைட் என்று சேர்த்து உறையவைத்தால் பக்கத்தில் இருக்கும் வேறொரு எண்ணும் அழிகிறது. விழுவதற்கான காரணங்களில் அதிகம் கண்ணில் படாதது இதுதான். அளவுக்கு மீறிய எண்ணும் விழவைக்கும். பையில் 99 பொருள்தான் கொள்ளும் என்றால் 99-லேயே நிறுத்துங்கள்.

அறிகுறி: ஃபைண்ட் அவுட் வாட் ரைட்ஸ் என்பதை அழுத்தியதும் கேம் மூடிக்கொள்கிறது

பயிற்சியின் ஐந்தாம் படியில் நின்றவர்கள் இங்கே வர வேண்டும். இந்த வேலைக்கு டீபக்கர் கேமோடு மாட்டி, சிப்பின் டீபக் ரெஜிஸ்டரில் ஒரு முகவரியை வைத்துக் காத்திருக்கிறது. இன்டெல் மேக்கில் இது பெரும்பாலும் ஓடிவிடும். ரோசெட்டாவுக்கு அடியில் இப்படி வைக்கும் ஹார்ட்வேர் பிரேக்பாயிண்ட்டை நம்பி இறங்க முடியாது.

செட்டிங்ஸில் டீபக்கர் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் டீபக்கருக்குப் பதில் விஇஎச் டீபக்கரைத் தேர்ந்தெடுங்கள், பிரேக்பாயிண்ட் முறையில் பேஜ் எக்ஸெப்ஷன் வையுங்கள். கெர்னல்மோட் டீபக்கர் மேலே சொன்ன காரணத்தால் கிடையவே கிடையாது. மாற்றிய பின் மீண்டும் பயிற்சியில் சோதியுங்கள், கேமில் வேண்டாம். பேஜ் எக்ஸெப்ஷனில் கேம் ஆமை வேகத்துக்கு வரும், அது இயல்பு. அதிலும் விழுந்தால் உங்கள் மேக்கில் டீபக்கர் வழி மூடிவிட்டதாக முடிவுசெய்து, மதிப்பைத் தேடும் வழியிலேயே இருங்கள்.

ஆயத்தமாகக் கிடைக்கும் சீட் டேபிள்களில் பாதிக்கு மேல் கட்டளைகளைத் திருத்தும் ஸ்கிரிப்ட்கள். டிக் செய்தால் பெட்டி டிக் ஆக மறுக்கிறது என்றால், அந்த ஸ்கிரிப்ட் தேடும் பைட் வரிசை உங்கள் கேமில் இல்லை. கேமின் பதிப்பு வேறாக இருக்கும், அல்லது ஸ்டீம் பதிப்புக்கு எழுதியதை ஜிஓஜி என்ற இன்னொரு கடையின் பதிப்பில் போட்டிருப்பீர்கள். டிக் ஆகியும் பலன் இல்லை, அல்லது சிறிது நேரத்தில் கேம் விழுகிறது என்றால் ரோசெட்டா பக்கம் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட டேபிளிலும் வெறும் முகவரிகளும், இன்னொரு முகவரியைச் சுட்டும் பாயிண்ட்டர்களும் இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

அறிகுறி: நேற்றுச் சேமித்த முகவரி இன்று வேலை செய்யவில்லை

கோளாறு அல்ல, கேம் ஒவ்வொரு முறையும் புது இடத்தில் தன் பொருள்களை வைக்கிறது. முகவரி பச்சை நிறத்தில் தெரிந்தால் அது நிலையானது, டேபிளில் சேமித்தால் அடுத்த முறையும் கிடைக்கும். கறுப்பு என்றால் கிடைக்காது. மாறும் முகவரிக்கு வழிகாட்டும் பாயிண்ட்டரைத் தேடும் பாயிண்ட்டர் ஸ்கேன் டீபக்கர் இல்லாமலே நடக்கும் என்பதால் ஆப்பிள் சிப்பிலும் வழி உண்டு. ஆனால் 8 ஜிபி மேக்குக்கு அது பெரும் பாரம். வாரத்துக்கு ஒரு தடவை தங்கத்தைக் கூட்டுவதற்காக அதில் இறங்குவது வீண். இரண்டு நிமிடத் தேடலை ஒவ்வொரு முறையும் செய்துவிடலாம்.

அறிகுறி: விசையும் திரையும் ஒத்துழைக்கவில்லை

முழுத் திரையில் எடிட்டர் கேமுக்குப் பின்னால் மறைந்துபோகும். கேமை விண்டோ மோடில் ஓட்டுங்கள். ஆல்ட் என்டர் அழுத்தச் சொன்னால் மேக்கில் கமாண்ட் ரிட்டர்ன் அழுத்திப் பாருங்கள், வைனில் கமாண்ட் விசைதான் வழக்கமாக ஆல்ட். எஃப் வரிசை ஹாட்கீ வைத்தும் ஒளியும் ஒலியும்தான் கூடிக் குறைகிறது என்றால் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், ஃபங்ஷன் கீஸ் போய் அவற்றைச் சாதாரண எஃப் விசைகளாக மாற்றுங்கள்.

எடிட்டரின் எழுத்து எறும்பு அளவில் தெரிந்தால் பாட்டிலின் ஹை ரெசல்யூஷன் மோடை அணைத்துவிட்டு எடிட்டரையும் கேமையும் மறுபடி திறக்க வேண்டும்.

ஸ்பீட்ஹாக் போட்டும் வேகம் மாறவில்லையா? அது கேமுக்குள் ஒரு டிஎல்எல்லை நுழைத்து, கேம் நேரம் கேட்கும் விண்டோஸ் ஃபங்ஷன்களை இடைமறிக்கிறது. வேறு வழியில் நேரம் பார்க்கும் கேமில் பலிக்காது. பலிக்கும் கேமிலும் 2 மடங்குக்கு மேல் போக வேண்டாம்.

மேக்கின் பாதுகாப்பை அணைக்கச் சொன்னால்

எஸ்ஐபி என்ற பாதுகாப்பை ரெகவரிக்குள் போய் அணைத்தால்தான் நடக்கும் என்று பலரும் சொல்வார்கள். பாட்டிலுக்குள் ஓடும் எடிட்டருக்கு அது தேவையே இல்லை, படிப்பதும் எழுதுவதும் வைன்சர்வர் வழியாகத்தான். மேக்குக்கே உரிய எடிட்டர்களை வைத்து வெளியிலிருந்து இன்னொரு புரோகிராமுக்குள் நுழையும்போதுதான் எஸ்ஐபி குறுக்கே வரும். பிட் ஸ்லைசர் அப்படிப்பட்ட ஒரு நல்ல இலவச மேக் எடிட்டர். வைன் கேமின் புராசஸ் அதன் பட்டியலில் தெரிந்து, மாட்டவும் முடிந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், மதிப்புகள் அதே வடிவில்தான் இருக்கும். மாட்ட முடியவில்லை என்றால் பாட்டிலுக்குள் இருக்கும் எடிட்டருக்குத் திரும்புங்கள். ஒரு கேமில் தங்கம் சேர்ப்பதற்காகக் கல்லூரிப் பாடமும் பேங்க் கணக்கும் இருக்கும் மேக்கின் பூட்டைக் கழற்றக் கூடாது.

எதுவும் நடக்காதபோது: சேவ் ஃபைல்

கிராஸ்ஓவரில் பாட்டிலைத் தேர்ந்து சி டிரைவைத் திறந்தால் யூசர்ஸ், அதற்குள் கிராஸ்ஓவர் என்ற பயனர். யூனிட்டி கேம்கள் பெரும்பாலும் ஆப்டேட்டாவில் லோக்கல்லோ ஃபோல்டருக்குள், அன்ரியல் கேம்கள் லோக்கல் ஃபோல்டருக்குள் சேவை வைக்கும். ஆர்பிஜி மேக்கரில் கேம் ஃபோல்டரிலேயே இருக்கும். பல கேம்களின் சேவ் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்புதான், டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து எண்ணை மாற்றினால் முடிந்தது. திருத்தும் முன் ஸ்டீம் கிளவுடை அந்தக் கேமுக்கு அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய சேவ் மேகத்திலிருந்து இறங்கி உங்கள் திருத்தத்தின் மேல் உட்கார்ந்துவிடும்.

மெமரியைத் தொடுவதற்கு முன்பும் இதே ஃபோல்டரின் நகல் ஒன்று தேவை. பாட்டிலுக்கு வெளியே, டாக்குமென்ட்ஸில் தேதி போட்டு வையுங்கள். இடவப்பாதி மழை தொடங்கி இடுக்கிப் பக்கம் கரண்டு அடிக்கடி போகும் மாதங்களில், பேட்டரி தேய்ந்த பழைய மேக்கில் சேவ் எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் ஃபைல் பாதியில் நிற்கும். விஸ்கியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2025-இல் அதன் பராமரிப்பு நின்றுவிட்டது, அடுத்த மேக்ஓஎஸ் அப்டேட்டில் பாட்டில் திறக்காமல் போனால் கையில் மிஞ்சுவது அந்த நகல்தான். கிராஸ்ஓவரிலோ சிகாருகிரிலோ புதுப் பாட்டில் உருவாக்கி, கேமை ஏற்றி ஒரு தடவை திறந்து மூடி, நகலை அதே இடத்தில் வைத்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். அங்கே பயனர் பெயர் வேறாக இருக்கலாம், ஃபோல்டரை மட்டும் பார்த்து வையுங்கள்.